பால் கொடுக்கிற தாய்க்கு நெஞ்செரிச்சல்: ஜெல் குடிக்கலாமா, பான்-டி போடலாமா?

கடையத்துப் பொண்ணு கேட்டது:

மதினிக்கு ஆபரேஷன்ல பிள்ளை பிறந்து இன்னைக்கு 35 நாள். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்காவ. பத்து நாளா ராத்திரி நெஞ்செரிச்சல், புளியேப்பம். படுத்தா தொண்டை வரைக்கும் எதுக்களிக்கு.

இப்போ போடுற மாத்திரை: காலையில வெறும் வயித்துல தைராய்டு 50 மைக்ரோகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுத்த சிவப்புச் சத்து மாத்திரை ஒண்ணு, கால்சியம் ரெண்டு. இந்த மூணையும் மறந்துரக் கூடாதுன்னு ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் ஒண்ணா முழுங்கிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டே படுத்துருதாவ. வலி மாத்திரை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு.

சாப்பாடு பேறுகாலச் சாப்பாடுதான்: பூண்டுக் குழம்பு, மிளகு, நல்லெண்ணெய், மருந்து உருண்டை, நாளைக்கு மூணு தடவை சுக்குக் கருப்பட்டிக் காப்பி. வயித்தைச் சுத்தித் துணி இறுக்கிக் கட்டியிருக்கு.

வீட்ல டைஜீன் ஜெல் பாதி பாட்டில் கிடக்கு. அண்ணனோட ரானிடிடின் அட்டை ஒண்ணும் இருக்கு. மருந்துக் கடையில கேட்டதுக்கு பான்-டி கொடுத்தாங்க, இன்னும் போடல. ஆச்சி என்ன சொல்லுதாவன்னா, தாய்க்குப் புளிச்சா பாலும் புளிச்சிரும், பிள்ளைக்கு வயித்தால போகும், மாத்திரை போட்டா ஆறு மணி நேரம் பால் கொடுக்கக் கூடாதாம். எது சரி? எதைப் போடலாம், எவ்வளவு இடைவெளி விடணும்?

பாளை மருந்தாளர்:

முதல்ல ஆச்சிக்குப் பதில். பால் இரத்தத்துல இருந்து மார்புல ஊறுறது. இரைப்பையில இருக்கிற அமிலத்துக்கும் அதுக்கும் வழியே கிடையாது. தாய்க்கு எவ்வளவு புளியேப்பம் வந்தாலும் பால் புளிக்காது. ஆறு மணி நேரம் நிறுத்தவும் வேண்டாம். அப்படி நிறுத்தினா மார்பு கட்டிப்போய் வேற தொந்தரவுதான் வரும்.

டைஜீன், ஜெலுசில் மாதிரி ஜெல்கள்ல இருக்கிறது அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, கூடவே வாயுக்கு சிமெத்திகோன். முதல் ரெண்டும் குடல்ல இருந்து இரத்தத்துக்குப் போறதே கொஞ்சம், அதுல பாலுக்குப் போறது இன்னும் கொஞ்சம். சிமெத்திகோன் உடம்புல சேரவே செய்யாது, அப்படியே வெளியேறிடும். அதனால பால் கொடுக்கும்போது தாராளமா எடுக்கலாம். பால் கொடுத்த பிறகுதான் குடிக்கணும், முன்னாடி குடிக்கக் கூடாது என்கிற கணக்கும் இதுக்கு இல்லை. மெக்னீசியம் கூடினா மதினிக்குத்தான் வயிறு இளகும், அலுமினியம் கூடினா அவங்களுக்குத்தான் மலம் இறுகும். பிள்ளைக்கு இல்லை. மதினிக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தா மட்டும் இந்த ஜெல் டாக்டரைக் கேட்காமக் கொடுக்காதீங்க. அங்க ரெண்டு உலோகமும் உடம்புல தங்கிடும்.

பாதி பாட்டில் கிடக்குன்னீங்களே, அதை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. அடியில வெள்ளைக் களி மாதிரி ஒரு விரல் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும், மேல தண்ணி தெளிஞ்சு நிற்கும். மருந்து அந்தக் களியிலதான் இருக்கு. குலுக்காம ஊத்தினா தண்ணியைக் குடிச்சதாத்தான் அர்த்தம். காலாவதித் தேதியையும், திறந்து எத்தனை நாள் ஆச்சுன்னும் பார்த்துட்டு, சந்தேகம்னா புதுசு வாங்கிக்கிடுங்க. பெரிய விலை இல்லை.

அளவு: பாட்டிலோட வர்ற மூடியால 10 மி.லி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை. வெறும் வயித்துல குடிச்சா அரை மணி, ஒரு மணி நேரத்துல குடலுக்கு இறங்கிடும், அப்புறம் எரிச்சல் திரும்ப வரும். சாப்பாட்டுக்கு மேல குடிச்சா கிட்டத்தட்ட மூணு மணி நேரம் நிற்கும். மாத்திரையா வாங்கினா நல்லா மென்னு கூழாக்கி முழுங்கணும், முழுசா முழுங்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோட சேர்த்துக் குடிக்காதீங்க. புளிப்புல இருக்கிற சிட்ரேட் சேர்ந்தா அலுமினியம் உடம்புக்குள்ள கூடுதலா ஏறும்.

ஆனா நீங்க எழுதினதுல எனக்கு உறுத்துறது ஜெல் இல்லை. ராத்திரி மூணு மாத்திரையை ஒண்ணா முழுங்கிட்டு உடனே படுக்கிறாங்கன்னீங்க பாருங்க, எரிச்சல் பெரும்பாலும் அங்க இருந்துதான் வருது. சிவப்பு மாத்திரையில 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கு. ரெண்டு மடக்குத் தண்ணியோட முழுங்கிட்டுப் படுத்தா அது உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரையும். இரும்பு பட்ட இடம் புண்ணாகும். அதுக்கு மேல ஜெல்லை எத்தனை தடவை ஊத்தினாலும் மறுநாள் ராத்திரி அதே புண்ணுல அதே மாத்திரைதான் போய் உட்காரும். முழு டம்ளர் தண்ணியோட முழுங்கிட்டு, குறைஞ்சது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காரணும். இதை இன்னைக்கே மாத்துங்க.

இன்னொரு நஷ்டம், கால்சியமும் இரும்பும் ஒரே நேரத்துல போனா கால்சியம் இரும்பை ஏறவிடாது. 35 நாளா விழுங்கின இரும்புல பாதிக்குமேல வீணாப் போயிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் வேணும். ரெண்டு கால்சியத்தையும் ஒரே வேளையில போடுறதும் சரியில்லை, 500 மி.கி.க்கு மேல ஒரே நேரத்துல குடல் அவ்வளவா வாங்காது.

தாய்ப்பால் செவிலி (அம்பை):

மேல அண்ணாச்சி சொன்னதோட ரெண்டு மூணு விஷயம்.

வயித்துக் கட்டு. இறுக்கிக் கட்டினா இரைப்பையைக் கீழ இருந்து பிழிஞ்ச மாதிரி. உள்ள இருக்கிறது மேல ஏறத்தான் செய்யும். ஆபரேஷன் தையலுக்கு ஆதரவு வேணும்னா அடிவயித்துல மட்டும், உள்ளங்கை நுழையுற அளவு தளர்வா இருக்கட்டும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குக் கட்டையே அவுத்திருங்க.

படுத்துக்கிட்டுப் பால் கொடுக்கிறது தப்பில்லை, ஆபரேஷன் ஆன உடம்புக்கு அதுதான் சௌகரியமும். ஆனா ராத்திரிச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்கே முடிச்சிட்டு அடுத்த பால் உட்கார்ந்து கொடுக்கட்டும். பிறகு படுத்துக் கொடுக்கும்போது இடது பக்கம் சாய்ஞ்சு படுத்தா எதுக்களிப்பு குறையும். வலது பக்கம் படுத்தா கூடும். இரைப்பையோட வளைவு அப்படி. வலது மார்புக்கு எழுந்து உட்கார்ந்து கொடுக்கலாம்.

தலைக்கு ரெண்டு தலையணை அடுக்காதீங்க. கழுத்துதான் மடங்கும், வயிறு இன்னும் அமுங்கும். கட்டில்னா தலைமாட்டுக் கால்கள் ரெண்டுக்கும் கீழ செங்கல் வச்சு அரை அடி உசத்துங்க, ஆடாம இருக்கான்னு பார்த்துக்கிடுங்க. பாயில படுக்கிறவங்கன்னா ஜமுக்காளத்தை மடிச்சு இடுப்புக்கு மேல இருந்து தலை வரைக்கும் சரிவா விரிக்கணும். முக்கியமா, பிள்ளையை அந்தச் சரிவுல தூங்கப் போடக் கூடாது. பால் குடிச்சதும் பக்கத்துல சமமான, கெட்டியான விரிப்புல மல்லாக்கப் போடுங்க.

பேறுகாலச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லமாட்டேன். பூண்டும் உளுந்தங்களியும் பகல்ல சாப்பிடட்டும். மிளகு, சுக்கு, எண்ணெய் மிதக்கிற குழம்பு, இதெல்லாம் ராத்திரி வேண்டாம். மூணு வேளைக் காப்பியை ஒண்ணாக்குங்க, அதுவும் இரும்பு மாத்திரைக்கு முன்னாடி ஒரு மணி, பின்னாடி ஒரு மணி இல்லாம. ராத்திரிக்கு இட்லியோ இடியாப்பமோ போதும். மூணு தடவை வயிறு முட்டச் சாப்பிடுறதுக்குப் பதிலா அஞ்சு தடவை கொஞ்சம் கொஞ்சமா. சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, பால் கொடுக்கிற உடம்பு.

பிள்ளை கக்குதுன்னு சொல்லி இந்த ஜெல்லை ஒரு சொட்டு அதுக்குக் கொடுத்திராதீங்க. சில வீடுகள்ல செய்யுறாங்க. சின்னப் பிள்ளையோட சிறுநீரகம் அலுமினியத்தைச் சரியா வெளிய தள்ளாது. நாளைக்கு ஆறு தடவைக்கு மேல மூத்திரம் போய், எடை ஏறிக்கிட்டு இருந்தா கக்கல் தானா நிற்கும்.

கடையத்துப் பொண்ணு:

ரொம்ப நன்றி. கட்டை இன்னைக்கே தளர்த்தியாச்சு. இன்னும் மூணு சந்தேகம். பான்-டி போடலாமா கூடாதா? ரானிடிடின்? அவசரத்துக்கு ஈனோ, இல்லேன்னா ஆப்பசோடாத் தண்ணி? ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு: மார்க்காம்பு எரிச்சலுக்கும் பிள்ளை வாயில வெள்ளையா இருக்கிறதுக்கும் முந்தாநாள் டாக்டர் மதினிக்கு ஃப்ளூகோனசோல் எழுதியிருக்காங்க, பிள்ளைக்கு வாயில தடவ மருந்து. ரெண்டும் நடக்கு.

பாளை மருந்தாளர்:

ஃப்ளூகோனசோலை இப்பவாவது சொன்னீங்களே. அப்படின்னா பான்-டி வேண்டவே வேண்டாம். அட்டையை எடுத்துத் தனியா வச்சிருங்க.

ஏன்னா, பான்-டி காப்சூல்ல அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் 40 மி.கி. மட்டும் இல்லை, டோம்பெரிடோன் 30 மி.கி. மெதுவாக் கரையுற மாதிரி சேர்ந்திருக்கு. டோம்பெரிடோன் இதயத்துடிப்போட மின் தாளத்தை நீட்டக்கூடிய மருந்து. ஃப்ளூகோனசோலும் அதே வேலையைச் செய்யும், அதுக்கு மேல டோம்பெரிடோனைக் கல்லீரல் கழிக்கிறதையும் தடுக்கும். ரெண்டும் சேர்ந்தா துடிப்பு தாறுமாறாப் போக வாய்ப்பு உண்டு. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்கோடும் இதே சிக்கல்தான். இதுல ஃப்ளூகோனசோலைக் குறை சொல்ல வேண்டாம், பால் கொடுக்கும்போது அது எடுக்கலாம், எழுதினபடி முடிக்கட்டும்.

டோம்பெரிடோன் பால் சுரப்பைக் கூட்டும்னு சில இடத்துல தனியாவும் எழுதுறாங்க. 10 மி.கி. மூணு வேளை அப்படி ஏற்கெனவே ஓடுறப்போ யாராவது பான்-டி சேர்த்தா ஒரு நாளைக்கு 60 மி.கி. ஆயிடும். வழக்கமான மேல் வரம்பு 30. இப்படி ரெட்டிப்பாகுறது யாரும் தெரிஞ்சு செய்யுறதில்லை, மாத்திரைப் பெயர் வேற வேறயா இருக்கிறதாலதான். அதனால அட்டையோட முன்பக்கப் பெயரை நம்பாம பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்துல இருக்கிற மூலப்பொருளைப் படிங்க. பெயர் முடிவுல 'டி' அல்லது 'டிஎஸ்ஆர்'னு இருந்தா பெரும்பாலும் டோம்பெரிடோன். 'எல்' அல்லது 'எல்எஸ்ஆர்'னா லெவோசல்பிரைடு. இந்த ரெண்டாவது வகை மருந்து பால்ல கணிசமா இறங்கும், பால் கொடுக்கிறவங்களுக்கு வேண்டாம். வயித்துவலின்னு கேட்டா கொடுக்கிற டைசைக்ளோமின் கலந்த மாத்திரையும் வேண்டாம். பிள்ளைக்கு மூச்சுத் தடைப்படும் அபாயம் இருக்கு, பாலும் குறையலாம்.

தனி பான்டோபிரசோல் 40 வேற கதை. அது பால்ல இறங்குறது தாய் எடுக்கிற அளவுல, எடைக்கு எடை கணக்குப் போட்டா, 1 சதவீதத்துக்கும் கீழ. 10 சதவீதத்துக்குள்ள இருந்தாலே பொதுவா ஏத்துக்கிற வழக்கம். அந்தத் துளியும் பிள்ளை இரைப்பையில அமிலம் பட்டுச் சிதைஞ்சிரும். அமிலத்துல நிற்காத மருந்துங்கிறதாலதான் மாத்திரைக்கு மேலுறை போட்டு விக்கிறாங்க. அதனால உடைச்சோ மென்னோ சாப்பிடக் கூடாது. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. எரியும்போது போட்டு உடனே அடங்குதான்னு பார்க்கிற மருந்து இல்லை, முழுப் பலன் தெரிய மூணு நாலு நாள் ஆகும். மாத்திரை நேரத்தையும் படுக்கையையும் சரிபண்ணி, ஜெல்லோட ஒரு வாரம் பார்த்தும் அடங்கலைன்னா டாக்டரைக் கேட்டு இதை ரெண்டு வாரம், நாலு வாரம்னு அளவா எடுக்கலாம். மாசக்கணக்கா இழுக்காதீங்க. அமிலம் குறைஞ்சா இரும்பும் பி12-உம் சரியா ஏறாது. மதினிக்குத் தைராய்டு மாத்திரையும் இருக்கிறதால, பான்டோபிரசோல் தொடர்ந்தா ஆறு எட்டு வாரத்துல டிஎஸ்ஹெச்ங்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒருதடவை பார்க்கச் சொல்லுங்க.

ரானிடிடின்: தூக்கிப் போட்டிருங்க. அதுல என்டிஎம்ஏங்கிற, புற்றுநோய் உண்டாக்கலாம்னு கருதப்படுற மாசு உருவாகுதுன்னு 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல சந்தையை விட்டே எடுக்கச் சொன்னாங்க. நம்ம நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்தும் 2022-ல நீக்கிட்டாங்க. நாள் ஆக ஆக, சூடு கூடக் கூட அது பெருகும். ஓட்டு வீட்டு அலமாரியில ஒரு கோடையைத் தாண்டின அட்டையைப் பால் கொடுக்கிறவங்களுக்குக் கொடுக்க என்ன அவசியம்? அந்த வகையில மருந்து வேணும்னா டாக்டர் ஃபாமோடிடின் 20 எழுதுவாங்க. பால்ல இறங்குறதும் ரானிடிடினை விடக் குறைவு.

ஈனோ என்னைக்காவது ஒரு தடவைன்னா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா 5 கிராம் பாக்கெட் ஒண்ணுல சோடியம் மட்டும் அரை கிராமுக்கு மேல. ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டுல சேரவேண்டிய சோடியமே 2 கிராமுக்குள்ளதான். பேறுகாலத்துல பிரஷர் இருந்தவங்களுக்கு, கால் வீக்கம் இருக்கிறவங்களுக்கு வேண்டாம். ஆப்பசோடா அதைவிட மோசம், அளவே இல்லாம ஸ்பூன்ல அள்ளிப் போடுவோம். ஈனோவையும் ஜெல்லையும் ஒரே நேரத்துல குடிக்கிறதும் கூடாது, எலுமிச்சைக்குச் சொன்ன அதே காரணம்.

மருத்துவர், மகப்பேறு:

மேலே சொன்னவை சரி. நான் சேர்ப்பது ஒன்றுதான், ஆனால் அதை விட்டுவிட முடியாது. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் வருகிற மேல்வயிற்று வலி எல்லாமே கேஸ் இல்லை.

மதினிக்கு 35 நாள்தான் ஆகிறது. நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை ரத்த அழுத்தம் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகும் இரத்தக் கொதிப்பு ஏறும். அப்போது கல்லீரல் வீங்கி நெஞ்சுக்குழியில் வருகிற வலியை வீட்டில் 'கேஸ்' என்று சொல்லி ஜெல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 160/110 என்றாலோ, வலியோடு விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, திடீர் முகவீக்கம் இருந்தாலோ 108-ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை மாதிரி பெரிய இடத்துக்கே போங்கள், வழியில் வேறு எங்கும் நிற்க வேண்டாம்.

எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவின் கீழ் பிடித்து, முதுகுக்கோ தோளுக்கோ ஏறுகிற வலி என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் அது அதிகம், ஸ்கேனில் தெரிந்துவிடும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் நிற்கிறது, கால் வீங்குகிறது என்றால் அது எதுக்களிப்பு அல்ல. இதயம் பலவீனப்பட்டிருக்கலாம், பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரையும் அப்படி வரும்.

மலத்தைப் பற்றியும் கேட்டு வையுங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கரும்பச்சையாக, கட்டியாக வரும், அதற்குப் பயம் வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டி, கெட்ட வாடையோடு வந்தால் அது இரத்தம். விழுங்கும்போது அடைக்கிறது, சாப்பிடச் சாப்பிட வலிக்கிறது என்றாலும் ஜெல்லோடு ஓட்டாமல் காட்டுங்கள், முக்கியமாக அந்த இரும்பு மாத்திரைப் புண் இருக்கிறதா என்று பார்க்க.

கடையத்துப் பொண்ணு:

பிரஷர் பார்த்துட்டு வந்தோம், 118/76. தலைவலி, மூச்சுமுட்டல் ஒண்ணும் இல்லை, விழுங்குறதுக்கும் கஷ்டம் இல்லை. பிள்ளை எடை 4 கிலோ 300. தைராய்டு, இரும்பு, ரெண்டு கால்சியம், ஜெல், இத்தனையையும் ஒரு நாளைக்குள்ள எப்படிப் பிரிக்கிறதுன்னு நேரம் போட்டுத் தந்தா சுவத்துல எழுதி ஒட்டிருவேன்.

பாளை மருந்தாளர்:

நல்ல சேதி. இப்படி எழுதி ஒட்டுங்க.

காலை 6 மணி, தைராய்டு, வெறும் தண்ணியோட. காப்பி 7-க்கு, சாப்பாடு 8-க்கு. தைராய்டுக்கும் இரும்பு, கால்சியம், ஜெல் மூணுக்கும் நடுவுல நாலு மணி நேரம் வேணும், அதனால 10 மணிக்கு முன்னாடி இந்த மூணுல ஒண்ணையும் தொடாதீங்க.

10.30, சிவப்பு மாத்திரை, முழு டம்ளர் தண்ணி. அதுக்குப் பிறகு 11 வரைக்கும் உட்கார்ந்திருக்கணும், பிள்ளை அழுதா உட்கார்ந்தே பால் கொடுக்கட்டும். வயித்தைப் பிரட்டினா முன்னாடி ரெண்டு இட்லி, இல்லேன்னா ஒரு பழம். பாலும் காப்பியும் கூடாது.

மதியம் 1 மணி, சாப்பாட்டோட கால்சியம் ஒண்ணு. அரசு மாத்திரை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சாப்பாடும் அமிலமும் இருந்தாத்தான் ஏறும். 2 மணிக்கு எரிச்சல் இருந்தா மட்டும் ஜெல் 10 மி.லி.

ராத்திரி 7.30, சாப்பாட்டோட ரெண்டாவது கால்சியம். இதுக்கும் முழு டம்ளர் தண்ணி. படுக்கை 10 மணிக்கு, அப்போ ஜெல் 10 மி.லி., குலுக்கிட்டு.

நடு ராத்திரி பால் கொடுக்க எழும்போது எரிஞ்சா இன்னொரு 10 மி.லி. குடிக்கலாம். ஆனா 2 மணிக்கு மேல குடிச்சா, காலைத் தைராய்டை 6-க்குப் போடாம அதுல இருந்து நாலு மணி நேரம் கழிச்சுப் போடணும். 3 மணிக்குக் குடிச்சா 7 மணி, 4-க்குக் குடிச்சா 8. காப்பி, சாப்பாடு, இரும்பு எல்லாத்தையும் அதே அளவு தள்ளிக்கிடுங்க. இரும்பு பின்னால போற அன்னைக்கு மதியக் கால்சியமும் அதுல இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான். இந்த வரியைத் தாள்ல பெருசா எழுதுங்க. தூக்கக் கலக்கத்துல தப்புறது இதுதான்.

தாய்ப்பால் செவிலி (அம்பை):

ஒட்டுற தாளுக்குப் பக்கத்துல ஒரு பேனாவையும் நூல்ல கட்டித் தொங்கவிடுங்க. ராத்திரி ஜெல் குடிச்ச நேரத்தை மதினி அங்கேயே கிறுக்கட்டும், காலையில மாத்திரை எடுத்துக் கொடுக்கிறது யாரா இருந்தாலும் பார்த்துக்கிடலாம். ஆச்சியா இருந்தா எழுத்தைப் பெருசா எழுதச் சொல்லுங்க.